கவலையும் காணாக்கடியும்

உடலில் திடீரென்று தடிப்புத் தடிப்பாகச் சிவந்து வீங்கி, பொறுக்கவொண்ணாத அரிப்பை உண்டாக்கி, சில மணி நேரத்தில் சுவடின்றி மறைந்து, பின்பு வேறோர் இடத்தில் தோன்றும் தோல் நோய்க்கு நம் முன்னோர் ‘காணாக்கடி’ என்று பெயரிட்டனர். ஏதோ ஒன்று கடித்திருக்கிறது, ஆனால் கடித்தது எதுவென்று காணமுடியவில்லை என்பது அப்பெயரின் பொருள். இன்றைய மருத்துவம் இதனை ‘அர்ட்டிகேரியா’ என்கிறது.

ஒருவருக்கு இந்நோய் கண்டவுடன் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். நேற்று என்ன சாப்பிட்டாய்? கத்தரிக்காயா, நிலக்கடலையா? புதுத்துணியைத் துவைக்காமல் உடுத்தினாயா? சோப்பை மாற்றினாயா? இவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை: “சில நாட்களாக உன் மனம் எப்படி இருக்கிறது?”

மனத்தின் கவலைக்கும் தோலின் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை இப்பாடத்தில் காண்போம். இத்தொடர்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் இருவகைத் துன்பங்கள் நேர்கின்றன. சிலர் மருந்தையே நம்பி மனத்தைக் கவனியாது விடுகின்றனர். வேறு சிலரோ, “எல்லாம் மனம்தான்” என்று சொல்லி, அவசியமான மருந்தையும் ஒதுக்கி அபாயத்தை வரவழைத்துக் கொள்கின்றனர்.

ஒவ்வாமை என்பது யாது?

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டு வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். பிறருக்கு எத்தீங்கும் செய்யாத ஒரு பொருளை, ஒருவருடைய உடல் பகையாக எண்ணிப் போரிடுவதே ஒவ்வாமை. மகரந்தத் தூள், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, ஓர் உணவு, ஒரு மருந்து என எதுவும் அப்பொருளாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தினரைத் திருடன் என்று எண்ணித் தடியை ஓங்கும் காவலாளியின் செயலை இதற்கு ஒப்பிடலாம். காவலாளி கெட்டவர் அல்லர். அவர் ஆள் அடையாளம் தவறியவர், அவ்வளவே.

இக்காவல் வேலையில் முக்கியப் பங்கு வகிப்பவை ‘மாஸ்ட் செல்கள்’ எனப்படும் உயிரணுக்கள். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1878-இல் இவற்றைக் கண்டு பெயரிட்டார். தோலின் அடியில் இரத்த நாளங்களின் ஓரமாகவும் நரம்பு நுனிகளின் அருகிலும் இவை குடியிருக்கின்றன. இவற்றுள் ஏராளமான சிறு பைகள் உள்ளன. அப்பைகளில் ‘ஹிஸ்டமின்’ முதலிய வேதிப்பொருள்கள் நிறைந்திருக்கின்றன. ஹிஸ்டமின் உடலில் என்ன செய்கிறது என்பதை 1910-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய இருவரும் விளக்கினர்.

மாஸ்ட் செல் தன் பைகளைத் திறந்ததும் ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. அருகிலுள்ள நுண்ணிய இரத்த நாளங்கள் விரிவதால் தோல் சிவக்கிறது. நாளச் சுவர்களில் இடைவெளி உண்டாகி நீர் கசிவதால் தோல் தடிக்கிறது. நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் அரிக்கிறது. கொசு கடித்த இடத்தில் ஒரு சிறு புள்ளியாக நாம் காண்பதும் பெரும்பாலும் இதுவே. காணாக்கடியில் இது கொசு இல்லாமலே உடலெங்கும் நிகழ்கிறது.

அந்தப் பைகளைத் திறக்கும் சாவி எது? ஒவ்வாப் பொருள் ஒரு சாவி. அது ‘ஐஜி-ஈ’ என்ற எதிர்ப்புப் புரதத்தின் வழியே மாஸ்ட் செல்லைத் திறக்கிறது. இப்புரதத்தை 1966-இல் ஜப்பானிய இணையரான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் கண்டறிந்தனர். ஆனால் மாஸ்ட் செல்லுக்கு வேறு சாவிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நரம்புகளின் கையில் இருக்கிறது என்பதுதான் நாம் இங்கே கற்க வேண்டிய செய்தி.

தோலும் நரம்பும் உடன்பிறந்தவை

தாயின் கருவில் உடல் உருவாகத் தொடங்கும்போது மூன்று படலங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் வெளிப்படலத்திலிருந்தே தோலின் மேற்பகுதியும், மூளை, நரம்பு மண்டலம் ஆகியனவும் உருவாகின்றன. மண்டையோட்டுக்குள் மறைந்திருக்கும் மூளையும், உலகுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் தோலும் ஒரே மூலத்தின் இரு கிளைகள்.

இந்த உறவை நாம் அன்றாடம் காண்கிறோம். நாணத்தால் முகம் சிவக்கிறது. அச்சத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. பக்திப் பாடலில் உள்ளம் உருகும்போது மயிர்க்கூச்செறிகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ என்று அழைத்து, அதற்கெனத் தம் நூலில் ஓர் இயலையே அமைத்தார். மகிழ்ச்சியைத் தோல் அறியுமாயின், கவலையையும் அது அறியத்தானே செய்யும்?

அறிவியல் இதற்கான வழியையும் காட்டுகிறது. தோலின் நரம்பு நுனிகள் செய்தியைக் கொண்டு செல்வதோடு நிற்பதில்லை. தாமே சில வேதிப்பொருள்களையும் தோலுக்குள் சுரக்கின்றன. 1931-இல் வான் ஆய்லர், காடம் ஆகிய இரு அறிஞர்கள் கண்டறிந்த ‘சப்ஸ்டன்ஸ் பி’ அவற்றுள் ஒன்று. இது மாஸ்ட் செல்லைத் தொட்டுத் திறக்கவல்லது. மேலும், மன அழுத்தத்தின்போது மூளை சுரக்கும் சி.ஆர்.எச். என்னும் பொருளைப் பெற்றுக்கொள்ளும் வாயில்கள் மாஸ்ட் செல்களின் மேலேயே அமைந்துள்ளன. ஆகவே, உள்ளத்தின் கொந்தளிப்பு தோலுக்குச் செல்வதற்குத் திறந்த பாதையே இருக்கிறது.

ஓயாத அபாய மணி

ஆபத்தைக் கண்டால் உடல் ஒரு போர்க்கால ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. அமெரிக்க மருத்துவ அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். அட்ரினலின் பாய்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தயாராகிவிடுகிறது. நெருக்கடி நீண்டால் உடல் என்ன ஆகிறது என்பதைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே 1936-இல் எழுதினார். மன அழுத்தம் பற்றிய இன்றைய அறிவுக்கு அதுவே தொடக்கம்.

பாம்பைக் கண்டு ஓடுபவனுக்கு இந்த ஏற்பாடு உயிர் காப்பது. பாம்பு போய்விட்டால் அபாய மணியும் நின்றுவிடும். ஆனால் கடன், மகளின் திருமணம், வேலை நிலைக்குமா என்னும் ஐயம், உறவில் விழுந்த விரிசல் ஆகியவை பாம்பைப் போல ஓடி மறைவதில்லை. மணி இரவும் பகலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

அப்போது நேர்வதைக் கவனியுங்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் ‘கார்ட்டிசால்’ என்னும் ஹார்மோன் இயல்பில் அழற்சியை அடக்குவது. மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மருந்துகள் இதை ஒத்தவையே. ஆனால் இது மாதக்கணக்கில் ஓயாது சுரக்குமானால், எதிர்ப்பு உயிரணுக்கள் அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக் கொள்கின்றன. எப்போதும் அதட்டிக்கொண்டே இருப்பவரின் சொல்லை வீட்டில் யாரும் பொருட்படுத்தாமல் போவது போன்றதே இது. அடக்க வேண்டிய குரல் வலுவிழப்பதால் அழற்சி கட்டுக்கடங்காமல் போகிறது. உறக்கமும் கெட்டால், பகலில் தாங்க முடிந்த அரிப்பு இரவில் பெருந்துன்பமாகிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டிய உண்மைகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகால்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் தம்பதியரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2009-இல் அதனை வெளியிட்டனர். பருவகால ஒவ்வாமையுள்ள 28 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு நாள், அவர்கள் நடுவர்கள் முன் நின்று பேசவும், மனக்கணக்குப் போடவும் வேண்டியிருந்தது. மற்றொரு நாள் அமைதியாக ஒரு பத்திரிகையை வாசித்தனர். இரு நாட்களிலும் ஒவ்வாப் பொருளைத் தோலில் சிறிதளவு குத்தி, எழுந்த தடிப்பை அளந்தனர். நடுத்தர அளவு பதற்றம் கொண்டவர்களின் தடிப்பு, அமைதியான நாளைவிட அழுத்தமான நாளில் 75 சதவீதம் பெரிதாக இருந்தது. மிகுந்த பதற்றம் கொண்டவர்களுக்கு அது இருமடங்காயிற்று. அவர்களிடம் மறுநாளும் தோல் வீக்கம் காட்டும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. குத்திய பொருளும் அதன் அளவும் மாறவில்லை. மாறியது மனநிலை ஒன்றே. பங்கேற்றோர் சிலரே ஆயினும், இது சிந்திக்கத்தக்க செய்தி.

1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பின்னர், கரப்பான் வகைத் தோல் அழற்சி உள்ளவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். பாதிப்புக்குள்ளான பகுதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றியிருந்தது. பாதிக்கப்படாத பகுதியிலோ பத்தில் ஒருவரைவிடக் குறைவானவர்களுக்கே அவ்வாறு நேர்ந்தது.

1962-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகேமி, நகாகவா ஆகியோர் வெளியிட்ட சிறிய சோதனை ஒன்றும் உண்டு. அரக்கு மரத்தின் இலை பட்டால் தோல் புண்ணாகும் இயல்புடைய பள்ளி மாணவர்களின் கண்களைக் கட்டினர். தீங்கற்ற இலையைத் தேய்த்து, “இது அந்த நச்சிலை” என்றனர். பெரும்பாலோருக்கு அந்த இடம் சிவந்து அரித்தது. மெய்யான நச்சிலையைத் தேய்த்து, “இது சாதாரண இலை” என்றபோது பெரும்பாலோருக்கு ஒன்றும் நேரவில்லை. நம் நாட்டில் தொட்டால் தோலைப் புண்ணாக்கும் சேராங்கொட்டையும் இதே குடும்பத்து மரமே. இதைப் படித்துவிட்டு எவரும் அதைத் தொட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம். எதிர்பார்ப்புக்கும் அச்சத்துக்கும் தோல் எவ்வளவு தூரம் இசைகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மனம் நேராகத் தொடும் நோய்கள்

உடல் சூடேறி வியர்க்கும் நேரத்தில் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான தடிப்புகள் தோன்றும் ஒரு வகைக் காணாக்கடி உண்டு. வெந்நீர்க் குளியல், ஓட்டம், கார உணவு ஆகியவற்றோடு, கடும் மன எழுச்சியும் அதைத் தூண்டும். தேர்வுக் கூடத்துக்குள் நுழையும்போதும், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படும்போதும் சில இளைஞர்களின் கழுத்திலும் மார்பிலும் இது எழுவதுண்டு. பெற்றோர் இதைக் கண்டு, காலையில் உண்ட உணவைக் குறை கூறுவர்.

கரப்பானில் நிகழ்வது வேறு. அங்கே அரிப்பும் சொறிதலும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாகின்றன. அரித்தால் சொறிகிறோம். சொறிவதால் தோலின் காப்பு உடைகிறது. காப்பு உடைவதால் அழற்சி மிகுந்து மேலும் அரிக்கிறது. கவலை இச்சுழலை விரைவாக்குகிறது. பலர் அரிப்பில்லாதபோதும், யோசனையில் ஆழ்ந்த நேரத்தில் தம்மையறியாமலே சொறிகின்றனர். அமெரிக்காவில் மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு, விடுமுறைக் காலத்தைவிடத் தேர்வுக் காலத்தில் அவர்களுடைய தோலின் மேற்காப்பு தன்னைச் சீர்செய்துகொள்ளத் தாமதமாவதை 2001-இல் காட்டியது.

இரு தவறான முடிவுகள்

இவற்றையெல்லாம் அறிந்தபின் நாம் இரு தவறான முடிவுகளுக்குப் போகாதிருக்க வேண்டும்.

முதல் தவறு, “இது வெறும் மனப்பிரமை, கவலையை விட்டால் போய்விடும்” என்று நோயாளியிடம் கூறுவது. தடிப்பு மெய்யானது. ஹிஸ்டமின் மெய்யானது. அரிப்பால் உறங்காத இரவும் மெய்யானது. ஒவ்வாமை என்ற விதையை மனம் விதைப்பதில்லை. இருக்கும் விதைக்கு நீர் வார்க்கிறது. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியில் வெளிப் பொருள் எதுவும் காரணமாகத் தெரியாமற்போவது மிகச் சாதாரணம். பலருக்கு உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன்னையே தாக்குவதே காரணமாக இருக்கிறது. அத்தகையோரிடம், “உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை” என்று சொல்வது புண்ணில் உப்பிடுவதாகும். கவலையால் நோய் மிகும் ஒருவருக்குக் குற்றவுணர்வு என்ற புதுக் கவலையை நாமே கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாம் தவறு, மாத்திரையால் தடிப்பு மறைந்தால் போதும் என்று மனத்தை அப்படியே விட்டுவிடுவது. தீ எரியும்போது நீர் ஊற்றுவது அவசியம். ஆனால் அடுப்பருகே விறகை அடுக்கிக்கொண்டே இருந்தால் நீர் எத்தனை நாளைக்குப் போதும்?

பழைய நூல்கள் இதில் தெளிவாக இருந்தன. யோகவாசிஷ்டம் மனத்தின் நோயை ‘ஆதி’ என்றும், உடலின் நோயை ‘வியாதி’ என்றும் குறிக்கிறது. ஆதியிலிருந்து பிறக்கும் வியாதிகளும் உண்டு, அவ்வாறு பிறவாதவையும் உண்டு என்று பிரித்துச் சொல்கிறது. மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சைக்கும் அது இடம் தருகிறது. மருந்தை மறுப்பது ஆன்மிகம் என்னும் எண்ணத்துக்கு அங்கே ஆதரவில்லை.

1998-இல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதையே வலியுறுத்துகிறது. காளாஞ்சகப் படை எனப்படும் சோரியாசிஸ் உள்ள 37 பேர் புறஊதாக் கதிர் சிகிச்சை பெற்றனர். சிகிச்சையின்போது தியானப் பயிற்சி ஒலிநாடாவைக் கேட்டவர்களின் தோல், கேளாதவர்களின் தோலைவிட விரைவில் தெளிந்தது. சோரியாசிஸ் ஒவ்வாமை அன்று. ஆயினும் அதுவும் தோல் அழற்சியே. அவர்கள் சிகிச்சையை விட்டுவிட்டுத் தியானம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிகிச்சையும் தியானமும் கைகோத்தபோதுதான் நற்பயன் விளைந்தது.

நாம் செய்யத்தக்கவை

1. முதலில் மருத்துவரை அணுகுக. உறக்கத்தை அதிகம் வரவழைக்காத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. நாள்பட்ட காணாக்கடிக்கு அவற்றை மருத்துவர் சொல்லும் காலம்வரை நாள்தோறும் உட்கொள்வதே முறை. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி ஸ்டீராய்டு களிம்புகளைத் தடவிவருதல் தோலை மெலிதாக்கிக் கெடுக்கும்.

2. அபாயக் குறிகளை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல், மூச்சுத் திணறல், குரல் மாறுதல், தலைசுற்றி மயக்கம் வருதல் ஆகியவை தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அப்போது கைவைத்தியமோ, மூச்சுப் பயிற்சியோ, பிரார்த்தனை முடியட்டும் என்ற காத்திருப்போ கூடாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே போடப்படும் அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது. ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் மறையாமல் நின்று, வலித்து, கரிய தழும்பை விட்டுச் சென்றாலும் மருத்துவரிடம் காட்டுக.

3. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்க. தடிப்பு எழுந்த நேரம், உண்டது, உடுத்தியது, உட்கொண்ட மருந்து ஆகியவற்றோடு, முந்திய நாள் உறக்கத்தையும் மனநிலையையும் ஒரு வரியில் எழுதுக. நான்கு வாரங்கள் எழுதினால், ஊகத்தினால் உணவை ஒவ்வொன்றாக ஒதுக்கி உடலை மெலிவிக்கும் அவசியம் இராது. குறிப்பேடே உண்மையைச் சொல்லிவிடும்.

4. நாளில் இரு முறை, பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுக. நெடிய வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். அபாய மணியை நிறுத்த நம் கையில் உள்ள எளிய கயிறு இது. தடிப்பு எழுந்த பிறகு மட்டும் செய்தால் போதாது; இல்லாத நாளிலும் பழகி வந்தால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

5. அரிக்கும்போது சொறியாதே என்று சொன்னால் மட்டும் கை நிற்காது. கைக்கு வேறு வேலை தர வேண்டும். முட்டியை இறுக மூடி முப்பது எண்ணுக. பின்பு அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் மெல்ல அழுத்துக, அல்லது குளிர்ந்த ஈரத்துணியை வைக்க. நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்க. கரப்பான் உள்ளவர்கள் குளித்தவுடன் ஈரம் காயும் முன் தோலுக்கு ஈரப்பசைக் களிம்பு தடவுக.

6. கவலையை ஒருவரிடமேனும் வாய்விட்டுச் சொல்லுக. அது மாதக்கணக்கில் நீங்காமல் உறக்கத்தையும் பசியையும் கெடுக்குமானால், மனநல மருத்துவரை நாடத் தயங்க வேண்டியதில்லை. கண்ணுக்குக் கண் மருத்துவர் இருப்பது போன்றதே அதுவும்.

7. குடும்பத்தார்க்கு ஒரு வார்த்தை. தோல் நோய் வெளியே தெரிவது. ஆதலால் நோயாளி பிறர் பார்வையையும் சுமக்கிறார். “கிட்டே வராதே, ஒட்டிக்கொள்ளும்” என்று ஒருவரும் சொல்லலாகாது. ஒவ்வாமைத் தடிப்பு தொற்று நோய் அன்று. திருமண வயதுப் பெண்ணின் தடிப்பை மறைத்து வைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. மறைக்க மறைக்க அச்சம் வளரும். அச்சம் வளர வளரத் தடிப்பும் வளரும். பக்கத்தில் அமர்ந்து, கையைப் பற்றி, “மருத்துவரிடம் நானும் வருகிறேன்” என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு மருந்தின் பக்கத்திலேயே இடமுண்டு.

சிந்தனைக்கு

அ. நம் வீட்டில் ஒருவருக்குத் தோல் தடித்தபோது நாம் கேட்ட முதல் கேள்வி எது? கேட்காமல் விட்டது எது?

ஆ. நோயுற்ற ஒருவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, நம் சொல் அவருடைய சுமையைக் குறைத்ததா, கூட்டியதா?

இ. மருந்தும் மன அமைதியும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எப்போதேனும் எண்ணியதுண்டா? அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது?

ஈ. இன்று இரவு உறங்கச் செல்லுமுன், நம்முள் ஓயாமல் ஒலிக்கும் அபாய மணி எதுவென்று பெயரிட்டு, ஒரு தாளில் எழுத நம்மால் இயலுமா?